டிசம்பர் 21-க்குள் குழாய் தயாராகட்டும்: நம்மூர் வானத்துக்கு ஒரு சோலார்கிராஃபி வழிகாட்டி

ஊசித்துளை போட்ட ஒரு குழாய், உள்ளே ஒரு தாள் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பர். அதை மொட்டை மாடியில் ஆறு மாதம் கட்டிவைத்தால், அத்தனை நாளும் சூரியன் போன பாதைகள் கோடு கோடாக ஒரே படத்தில் பதிந்துவிடும். இதுதான் சோலார்கிராஃபி. லென்ஸ், பேட்டரி, டெவலப்பர் (படம் கழுவும் ரசாயனம்) எதுவும் வேண்டாம். பள்ளிப் பாடத்தில் படித்த அதே ஊசித்துளை கேமராதான்.

செய்வது எளிது. ஆனால் இதைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு எழுதியவை. 'தெற்குப் பார்த்துக் கட்டு' என்று சொல்வார்கள், 'கோடையில் தொடங்கு' என்பார்கள். இரண்டும் தமிழ்நாட்டுக்கு ஒத்துவராது. இங்கே என்ன பேப்பர் கேட்பது, மே மாத வெயிலில் எந்த டேப் உருகும், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவரிடமிருந்து குழாயை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. புதிதாக வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில், எதைப் படமாக்கப் போகிறீர்கள்?

பலர் குழாயைச் செய்துவிட்டு, பிறகு அதை எங்கே கட்டலாம் என்று தேடுகிறார்கள். அப்படிச் செய்தால் கோடுகள் மட்டும் கிடைக்கும், படம் கிடைக்காது. அதனால் இடத்தை முதலில் தீர்மானியுங்கள்.

இந்தக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. நகர்வது எதுவும் இதில் பதியாது. ஆள், வண்டி, மாடு, பறவை எல்லாம் காணாமல் போகும். அசையாமல் நிற்பதும் சூரியனும் மட்டுமே மிஞ்சும். ஆகவே தெருவின் பரபரப்பைக் காட்ட இது உதவாது. மெல்ல மாறுகிற ஒன்றைக் காட்ட இதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஏரி. வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பரில் ஏரி நிறைந்திருக்கும். தண்ணீரில் விழும் சூரியப் பிரதிபலிப்பும் பேப்பரில் தடமாகப் பதியும். மாதங்கள் போகப் போக நீர் வற்றும், கீழ்ப்பாதியில் அந்தத் தடங்கள் குறையும். மேலே சூரியன், கீழே வற்றுகிற ஏரி, இரண்டுக்கும் ஒரே தாள். ஊரின் தண்ணீர்க் கதையைச் சொல்ல இது போதும்.

அடுத்தது, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடம். எதிர்வீட்டில் மாடி எழும்ப எழும்ப, முன்பு பதிந்த கோடுகள் அந்தச் சுவரின் ஊடாகத் தெரிவதுபோல நிற்கும். புதிய கோடுகள் சுவருக்கு மேலேதான் தொடங்கும். இன்னொன்று, சொந்தத் தெருவிலிருந்து தெரியும் கோபுரமோ தேவாலயமோ மசூதியோ. அதன் உச்சியைச் சூரியன் எந்த நாளில் தொட்டது என்பதைப் பிறகு கணக்கிட்டு எழுதலாம்.

ஒரே படம் போதுமா, தொடராகச் செய்வதா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரே இடத்தில் நான்கு குழாய்களைக் கட்டி, ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் அதுவே நல்ல தொடர். ஒன்று கெட்டுப்போனாலும் மற்றவை கையில் இருக்கும்.

2. திசையும் மாதமும்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இங்கே கணக்குத் தப்பினால் ஆறு மாதம் கழித்து வானமே இல்லாத தாள்தான் கிடைக்கும்.

லண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானிலிருந்து 15 பாகைதான் உயரும். ஜூன் 21-இல் 62 பாகை. அதனால்தான் அங்கே தெற்குப் பார்த்த குழாயில் அழகான வில் போன்ற கோடுகள் விழுகின்றன. சென்னையில் டிசம்பர் 21 நண்பகலிலேயே சூரியன் 53 பாகைக்கு மேல் நிற்கும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி நேராகத் தலைக்கு மேல் வரும், அதுதான் நிழலில்லா நாள். அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும்.

நாம் செய்யப்போகும் குழாய் நடுவில் துளை போட்டால் நேர் எதிரே ஏறக்குறைய 42 பாகை உயரம் வரைதான் பார்க்கும். ஆகவே தெற்குப் பார்த்து நிமிர்த்திக் கட்டினால் நண்பகல் சூரியன் ஒருநாள்கூடப் படத்துக்குள் வராது.

விடை எளிது. கிழக்கு அல்லது மேற்குப் பார்த்துக் கட்டுங்கள். கிழக்கில் டிசம்பர் 21 சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கும். நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, ஜூன் 21-இல் அதே அளவு வடக்கே போய்விடும். இந்த அகலம் முழுவதும் குழாயின் பார்வைக்குள் அடங்கும். ஐரோப்பியப் படங்களின் வில்லுக்குப் பதிலாக நமக்கு ஏறக்குறைய செங்குத்தான கோடுகள் கிடைக்கும். சென்னையில் அவை 13 பாகை சாய்ந்திருக்கும், கன்னியாகுமரியில் 8 பாகைதான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட நட்டுவைத்த கம்பிகள் போலவே வரும். நம் வானத்துக்கு உரிய உருவம் அது. எனக்கு வில்லைவிட இதுதான் அழகு.

கோடுகளின் நெருக்கத்தையும் எதிர்பார்த்து வையுங்கள். டிசம்பர், ஜூன் கடைசிகளில் சூரியன் இடம் மாறுவது மிக மெதுவாக இருப்பதால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மார்ச் 20-ஐ ஒட்டி வேகமாக நகர்வதால் இடைவெளி விடும். மேகம் மூடிய நாள்கள் கறுப்பு இடைவெளிகளாகத் தெரியும்.

இனி மாதம். தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதிக்கும், யாழ்ப்பாணம், திருகோணமலை போன்ற இடங்களுக்கும் டிசம்பர் 21 முதல் ஜூன் 21 வரைதான் சிறந்த காலம். மழை குறைவு, வெயில் நிறைவு. ஜூன் முதல் டிசம்பர் வரை வைத்தால் பருவமழையும் புயலும் கடைசி இரண்டரை மாதத்தைத் தின்றுவிடும். நாகர்கோவில், நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் தென்மேற்குப் பருவமழையை நினைத்து மே கடைசியிலேயே கழற்றிவிடலாம். டிசம்பரைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். மார்ச் 20-இல் கட்டி ஜூன் 21-இல் எடுங்கள். மூன்று மாதத்திலும் படம் நன்றாகவே வரும்.

3. பொருள்களும் செலவும்

பேப்பர் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'போட்டோ பேப்பர்' என்று கேட்டால் பிரிண்டரில் போடும் பளபளப்புத் தாளைத் தருவார்கள். அதில் ஒளி பதியாது. 'டார்க்ரூமில் பிளாக் அண்ட் வொயிட் பிரிண்ட் போடுகிற பேப்பர், ஆர்சி' என்று தெளிவாகக் கேளுங்கள். ஆர்சி என்றால் பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள். இல்ஃபோர்டு மல்டிகிரேடு போன்றவை இணையத்திலும் பெருநகரக் கடைகளிலும் கிடைக்கும். 5×7 அங்குலம், 25 தாள் கொண்ட பெட்டிக்கு 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஒதுக்கி வையுங்கள், விலை கடைக்குக் கடை மாறும். பளபளப்பான வகையை விட்டுப் பேர்ல் அல்லது சாட்டின் வகையை எடுங்கள். பளபளப்புத் தாள் வட்டக் குழாய்க்குள் ஒளியைத் திருப்பி அடித்துப் போலி உருவங்களைப் பதித்துவிடும்.

அதற்கு முன் உங்கள் ஊரின் பழைய ஸ்டூடியோவில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். காலாவதியான புரோமைடு பேப்பர் பரணில் கிடக்கலாம். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பேப்பர்கூடச் சில இடங்களில் இருக்கிறது. டெவலப்பர் போடப் போவதில்லை என்பதால் காலாவதி இந்த வேலைக்குப் பெரிய குறையில்லை.

குழாய்க்கு 75 மி.மீ. பிவிசி பைப். பிளம்பிங் கடையில் ஒரு மீட்டர் வாங்கினால் 15 செ.மீ. நீளத்தில் ஆறு குழாய் வரும். அவர்களையே நேராக வெட்டித் தரச் சொல்லுங்கள். குழாய்க்கு இரண்டு மூடி என்று பன்னிரண்டு எண்ட் கேப். மேட் கறுப்பு ஸ்பிரே ஒன்று. குளிர்பான அலுமினிய கேன் ஒன்று, 600 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) ஒன்று, பத்தாம் நம்பர் தையல் ஊசி, கேபிள் டை ஒரு கட்டு.

டேப்பில் கவனம் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் போடும் கறுப்பு டேப் மே மாத மாடி வெயிலில் பசை இளகி வழியும். அது உள்பக்கத்துக்கு மட்டும். வெளிப்பக்கத்துக்கு ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அலுமினிய ஃபாயில் டேப் வாங்குங்கள். ஒளியும் புகாது, வெயிலும் தாங்கும்.

எல்லாம் சேர்த்து ஆறு குழாய்க்குப் பேப்பர் உட்பட நான்காயிரம் ரூபாய்க்குள் முடிக்கலாம். ஸ்டூடியோவில் பேப்பர் கிடைத்துவிட்டால் செலவு பாதியாகும்.

4. குழாயைச் செய்வது

பைப்பின் உள்பக்கத்தில் கறுப்பு அடித்து ஒருநாள் காயவிடுங்கள். வாசனை போன பிறகுதான் பேப்பரை உள்ளே விட வேண்டும்.

பக்கவாட்டில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். நடுவில் போடாமல், மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே போடுங்கள். படம் தலைகீழாக விழுவதால் வானம் தாளின் கீழ்ப்பக்கத்தில் பதியும். துளைக்குக் கீழே தாள் அதிகம் இருந்தால் வானமும் அதிகம் கிடைக்கும். இப்படிச் செய்தால் 42 பாகை 50 பாகையாகும். மார்ச் மாதத்தில் காலை பத்து மணி வாக்கு வரை சூரியனைப் பிடிக்கலாம்.

ஊசித்துளையை நேரடியாகப் பைப்பில் போட முடியாது. குளிர்பான கேனிலிருந்து ஒரு சதுரம் வெட்டி, பழைய வாரப் பத்திரிகையின் மேல் வைத்து, ஊசி நுனியால் மெல்ல அழுத்துங்கள். மறுபக்கம் சிறு புடைப்பு வரும். அதை வாட்டர் பேப்பரால் தேயுங்கள். மறுபடி அழுத்துங்கள், மறுபடி தேயுங்கள். துளை 0.35 மி.மீ. அளவில், ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும். அளக்க ஒரு வழி: ஸ்கேனரில் 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் துளையின் குறுக்களவு 33 பிக்சல் அளவு வர வேண்டும். 28 முதல் 38 வரை இருந்தால் பயன்படுத்தலாம். இந்தத் தகட்டை 6 மி.மீ. துளையின் மேல் உள்பக்கமாகக் கறுப்பு டேப்பால் ஒட்டி, வெளியே ஒரு சிறு துண்டு டேப்பால் துளையை மூடிவிடுங்கள். அந்தத் துண்டுதான் ஷட்டர்.

பேப்பரை ஏற்ற முழு இருட்டறை தேவையில்லை. இரவில் சன்னலைச் சாத்திவிட்டு, சாமி மாடத்துச் சிவப்பு ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் செய்யலாம். பேப்பரின் வழுவழுப்பான பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். நீளவாக்கில் சுருட்டி உள்ளே விட்டால் 5×7 தாள் சுற்றளவில் பெரும்பகுதியை மூடி, சுமார் 4 செ.மீ. இடைவெளி விடும். அந்த இடைவெளியின் நடுவில் துளை வர வேண்டும். தாளே துளையை மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் கோளாறு. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். தாள் நழுவாமல் இருக்க விளிம்பில் சிறு டேப் துண்டு போடுங்கள். மேல் மூடியைச் சால்வென்ட் பசையால் ஒட்டலாம், ஆனால் பேப்பர் ஏற்றுவதற்கு முன்பே ஒட்டிக் காயவைத்துவிடுங்கள். கீழ்மூடியை ஃபாயில் டேப்பால் மட்டும் சுற்றுங்கள். அந்த வழியாகத்தான் பிறகு திறக்க வேண்டும்.

5. ஒரு வாரச் சோதனை

நவம்பர் கடைசியில் மழை விட்ட ஒரு வாரம் பார்த்து ஒரு குழாயைக் கட்டுங்கள். ஏழெட்டுக் கோடும் மங்கலான கட்டட உருவமும் வந்தால் எல்லாம் சரி. தாள் முழுவதும் ஒரே கருமையாக இருந்தால் எங்கோ ஒளி கசிகிறது, பெரும்பாலும் மூடி ஓரம்தான். கோடுகள் பட்டையாக இருந்தால் துளை பெரிது. இந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

6. அனுமதிக் கடிதமும் பெயர்ச்சீட்டும்

2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்புப் பணிக்காகப் பாலத்தில் ஒட்டிவைத்த சோலார்கிராஃபி கேன் ஒன்றை வெடிகுண்டு என்று சந்தேகித்துப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் அதை வெடிக்க வைத்துச் செயலிழக்கச் செய்தார்கள். டேப் சுற்றிய குழாய் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதை மனதில் வையுங்கள்.

எனவே பாலம், ரயில் நிலையம், மெட்ரோ, பேருந்து நிலையம், விமான நிலையம், துறைமுகம், அணுமின் நிலைய வட்டாரம், மின்கம்பம், சிக்னல் கம்பம் பக்கமே போகாதீர்கள். தொல்லியல் துறைச் சின்னங்களிலும் கோயில் வளாகத்திலும் எதையும் கட்டக் கூடாது. கோபுரம் வேண்டுமென்றால் அது தெரியும் வீட்டு மாடியைத் தேடுங்கள்.

தனியார் இடம் என்றாலும் எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளர், அடுக்ககமென்றால் சங்கச் செயலாளர், பள்ளியென்றால் தலைமை ஆசிரியர். அரசுப் பள்ளியில் அவர் மேலிடத்தைக் கேட்க வேண்டியிருக்கலாம், அதனால் அக்டோபரிலேயே கடிதம் கொடுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண், குழாயின் அளவு, எந்த இடத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மின்சாரமோ பேட்டரியோ இல்லை, சுவரில் துளை போடப் போவதில்லை, நீங்களே கழற்றிக்கொள்வீர்கள். இரண்டு நகல், ஒன்றில் அவர் கையெழுத்து உங்களிடம். குழாய் தெருவிலிருந்து தெரியும் என்றால் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள்.

'கேமரா' என்றதும் பலர் சிசிடிவி என்று நினைத்துத் தயங்குவார்கள். அக்கம்பக்கத்தாரின் கவலை நியாயமானது. ஆள் யாரும் பதியமாட்டார் என்று வாயால் சொல்வதைவிடச் சோதனைப் படத்தைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். நான் பார்த்தவரை அதன் பிறகு யாரும் மறுத்ததில்லை. பலர் தங்கள் வீட்டிலும் ஒன்று கட்டச் சொல்வார்கள்.

குழாயின் மேல் மழையில் அழியாத சீட்டு ஒட்டுங்கள். 'சூரியன் போகும் பாதையைப் படமாக்கும் குழாய். உள்ளே காகிதம் மட்டும். ஜூன் 21 வரை அசைக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே பெயரும் எண்ணும்.

7. கட்டுவதும் காப்பதும்

ஆறு மாதம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி, பால்கனிக் கிராதி, கைப்பிடிச் சுவரின் கம்பி நல்லவை. தென்னை மரம், கொடிக்கம்பி, டிஷ் ஆன்டெனா வேண்டாம். இரும்புக்கு அருகில் போனின் திசைகாட்டி தப்பாகக் காட்டும், நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். மூன்று நான்கு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். மாடி ஓரத்துக்கு வெளியே தொங்கவிடாதீர்கள், விழுந்தால் கீழே ஆள் இருப்பார். கட்டி முடித்ததும் துளையின் மேலுள்ள டேப்பை உரித்துவிட்டு, தேதியையும் நேரத்தையும் திசையையும் நோட்டில் எழுதுங்கள். உரித்த பிறகுதான் படியிறங்க வேண்டும்.

டிசம்பரில் கட்டினால் மூன்றே வாரத்தில் போகி வரும். வேண்டாத பொருள் என்று கழற்றிப் போடவும், பெயின்டர் குழாயின் மேலேயே வெள்ளையடிக்கவும் வாய்ப்புண்டு. வீட்டாரிடமும் வாட்ச்மேனிடமும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே மறுபடி சொல்லுங்கள். ஏப்ரலில் வடகம் காயப்போட வருபவர்களிடமும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தொடாமல், கண்ணால் மட்டும் பாருங்கள். குளவி துளைக்குள் மண் வைத்திருந்தால் ஈரத் தூரிகையால் மெல்ல எடுங்கள். சிலந்தி வலையும் அப்படியே. கோடை மழையில் கொஞ்சம் நீர் உள்ளே போனால் பதறாதீர்கள், ஆர்சி பேப்பர் தாங்கும். திறந்து பார்க்க மட்டும் கூடாது.

காலம் தாழ்ந்துவிட்டாலும் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தின் பேஃபோர்ட்பரி வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பரோ என்ற மாணவி 2012-இல் கட்டிய பீர் கேன் 2020-இல்தான் கழற்றப்பட்டது. எட்டு ஆண்டு, 2,953 சூரியத் தடங்கள், படம் நன்றாகவே இருந்தது.

8. கழற்றி ஸ்கேன் செய்வது

முதலில் துளையை டேப்பால் மூடுங்கள், பிறகு கேபிள் டையை வெட்டுங்கள். இரவில் மங்கிய வெளிச்சத்தில் திறங்கள். தாள் ஈரமாக இருந்தால் இருட்டில் விரித்துக் காயவிடுங்கள்.

படம் ஏற்கெனவே தெரியும், பழுப்பும் இளஞ்சிவப்பும் நீலமுமாக. டெவலப்பரில் போடாதீர்கள், மொத்தமும் கறுத்துவிடும். படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஃபிக்ஸரிலும் போடாதீர்கள், நிறமும் நுணுக்கமும் போய்விடும். ஸ்கேன்தான் உங்கள் படம்.

ஸ்கேனர் விளக்கும் ஒளிதான், ஒவ்வொரு ஓட்டமும் தாளைக் கொஞ்சம் கெடுக்கும். அதனால் அதே அளவுள்ள வெற்றுத்தாளை வைத்து முன்னோட்டம், எல்லை, அமைப்பு எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளுங்கள். நிறம், 48 பிட், 1200 டிபிஐ, தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் அணைப்பில். பிறகு உண்மைத் தாளை வைத்து ஒரே முறை. வீட்டில் ஸ்கேனர் இல்லையென்றால் ஸ்டூடியோவுக்குக் கறுப்பு உறையில் எடுத்துப் போங்கள், ஸ்கேன் முடியும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். 'தெளிவா வரலை, இன்னொரு தடவை போடறேன்' என்பார்கள், விடாதீர்கள்.

கணினியில் படத்தை 180 பாகை திருப்புங்கள், இடவலமாக மாற்றுங்கள், நெகட்டிவைப் பாசிட்டிவ் ஆக்குங்கள். சரியாக மாற்றினீர்களா என்று பார்க்க, கிழக்குப் பார்த்த படத்தில் கோடுகள் மேலே போகப் போக வலப்பக்கம், அதாவது தெற்கே, சாய வேண்டும். மேற்குப் பார்த்ததில் இடப்பக்கம். மாறுபாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். நிறங்களை மாற்றாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அவை அந்த ஆறு மாத ஈரமும் வெயிலும் கொடுத்தவை.

9. அச்சும் குறிப்பும்

லேபில் 12×18 சாதாரணப் பிரிண்ட் இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கண்காட்சிக்கு என்றால் நல்ல காட்டன் தாளில் பிக்மென்ட் பிரிண்ட் போடுங்கள். ஏ3 அளவுக்கே ஆயிரம் ரூபாயை ஒட்டி வரும், முதலில் சிறிய துண்டு ஒன்றில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழே இடம், திசை, தொடங்கிய தேதி, முடித்த தேதி நான்கும் கட்டாயம். இடைவெளிகள் எந்த மழைநாள், எந்தப் புயல் என்று நோட்டைப் பார்த்து எழுதினால் பார்ப்பவர்கள் தங்கள் நாள்களை அதில் தேடுவார்கள். இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள், அடுத்த டிசம்பரில் அதே மாடி வேண்டியிருக்கும். மூலத்தாளைப் பேப்பர் வந்த கறுப்பு உறையிலேயே போட்டு, மேலே தேதி எழுதி, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள்.